கண்ணாடிக்குள் காத்திருக்கும் பாவைகள்

கொல்லிமலையும் பச்சைமலையும் இருபுறமும் காவல் நிற்க, சுவேத நதியின் கரையில் அமைந்திருக்கிறது எங்கள் தம்மம்பட்டி. சேலம் மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள இந்தப் பேரூருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, உக்கிர கதலி நரசிங்கப் பெருமாள் இங்கே எழுந்தருளியிருப்பது. மற்றொன்று, மரத்தில் தெய்வங்களை வடிக்கும் சிற்பியரின் உளியோசை. வாகை மரக்கட்டையிலிருந்து பிள்ளையாரும் தசாவதாரமும் கோயில் வாகனங்களும் இங்கே உருப்பெறுகின்றன. தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

எங்கள் தெருவில் மூத்த மரச்சிற்பி ஒருவர் இருக்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. ஊரார் அவரைப் ‘பெரிய ஆசாரி’ என்றே அழைப்பர். அவரும் நானும் இன்னும் பத்துப் பேரும் ஒரு சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு வேனில் சென்னைக்குப் புறப்பட்டோம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதிப் பெருமாளையும் மயிலாப்பூர் கபாலீசுவரரையும் ஒரே நாளில் சேவித்துத் திரும்ப வேண்டும் என்பது எங்கள் பஜனை மடத்தாரின் நெடுநாள் விருப்பம். ஆத்தூர், சின்னசேலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று வழி நீண்டது. துணைக்கு ஆசாரியாரின் பேரனும் வந்தான். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞன். உளியைத் தொட்டதில்லை.

அந்த ஒரு நாளில் கண்ட காட்சி ஒன்று இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை. அதைக் கோயிலில் காணவில்லை. நடை சாத்தியிருந்த நேரத்தில் கண்டோம்.

தேரோட்டியின் சந்நிதியில்

ஒன்பது மணி கடந்து திருவல்லிக்கேணி சேர்ந்தோம். மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு நெடிதுயர்ந்து நிற்கிறார். உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில், பாரதப் போரில் பீஷ்மர் எய்த அம்புகளின் தழும்புகள். தன் பக்தனுக்காகத் தேரோட்டியாக அமர்ந்தவன், ஆயுதம் எடுப்பதில்லை என்று சொல்லிக் கடிவாளத்தை மட்டும் கையில் பிடித்தவன், அடியையும் தானே வாங்கிக்கொண்டான். அந்தத் தழும்புகளைக் கண்டு கண் கலங்காதவர் எங்களுள் எவருமில்லை. தெள்ளியசிங்கராக வீற்றிருக்கும் யோக நரசிம்மரையும் சேவித்தோம். எங்கள் ஊர்ப் பெருமாளை வேறோரிடத்தில் கண்டதுபோல் இருந்தது.

தரிசனம் முடிந்து உணவருந்தியபோது நண்பகல். மாலை நான்கு மணி வரை எந்தக் கோயிலிலும் நடை திறவாது. வெயிலோ கொடுமை. “எழும்பூரில் அருங்காட்சியகம் இருக்கிறது. நிழலாவது கிடைக்கும்” என்றான் பேரன். சாமி பார்க்க வந்தவர்கள் காட்சிசாலைக்குப் போவதா என்று சிலர் தயங்கினர். “அங்கேயும் சாமிகள்தாம் இருக்கின்றன” என்று சொல்லி வேனில் ஏறினார் ஆசாரியார்.

எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. கொல்கத்தாவில் உள்ளதற்கு அடுத்தபடியாக இந்நாட்டின் மிகப் பழைய காட்சிசாலைகளுள் ஒன்று. அமராவதியின் பளிங்குச் சிற்பங்களும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் இங்கே இருப்பதைப் பலரும் அறிவர். எங்களை நிறுத்தி வைத்தவை அவை அல்ல. மானிடவியல் பகுதியில் இருந்த தோற்பாவைகள்தாம்.

தோலில் எழுதிய இராமாயணம்

கண்ணாடிப் பேழைக்குள் இராமாயண மாந்தர் நின்றிருந்தனர். வில்லேந்திய இராமபிரான், வாலை உயர்த்திய அனுமன், பத்துத் தலை இராவணன். அனைத்தும் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் வெட்டி, வண்ணம் தீட்டி, நுண்ணிய துளைகளிட்டுச் செய்யப்பட்டவை. முத்தாரமும் மகுடமும் பட்டாடைக் கரையும் எல்லாம் அந்தத் துளைகளே.

தோற்பாவைக் கூத்து எவ்வாறு நிகழும் என்பது நம்முள் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டுவர். அதன் பின்னே விளக்கு. விளக்குக்கும் திரைக்கும் நடுவே பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்து ஆட்டுவர். தோலைச் சீவிச் சீவி ஒளி புகும் அளவுக்கு மெல்லியதாக்கியிருப்பதால், வெறும் கரிய நிழலாக விழாமல் வண்ணத்தோடு ஒளிரும். நம் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பாவைகள் இவ்வாறு வண்ணம் காட்டும். கேரளத்தில் தோல் ஒளி புகாதது. அங்கே துளைகளின் வழியே கசியும் வெளிச்சமும் கரிய வடிவமுமே காட்சி.

தமிழ்நாட்டில் இக்கலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருபவர்கள், மராத்தி மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட மண்டிகர் சமூகத்தினர். ஒரு குடும்பமே ஒரு குழுவாக இருக்கும். திரைக்குப் பின்னே அமர்ந்திருக்கும் ஒரே மனிதர், இராமனாகக் கனிந்தும் சீதையாக விம்மியும் இராவணனாக முழங்கியும் பேசுவார். இடையிடையே உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து சிரிக்க வைப்பார்கள். குமரி மாவட்டப் பகுதிகளில் இராமாயணத்தைப் பத்து இரவுகளாகப் பகுத்து ஆடுவது வழக்கம். எழுதப் படிக்க அறியாத பாட்டிமார் பலருக்கும் இராமகாதை இப்படித்தான் வந்து சேர்ந்தது. மழை வேண்டிக் கூத்து வைத்த ஊர்களும் உண்டு.

பேழைக்குள் இருந்த பாவைகள் அழகாகத்தான் இருந்தன. ஆனால் எதுவோ குறைந்தது. தோல் மங்கிய தேன்நிறமாக, உயிரற்றுத் தெரிந்தது. பேரன் தன் கைப்பேசியின் விளக்கை ஏற்றிக் கண்ணாடிக்கு அருகே பிடித்தான். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுத் தெறித்ததே தவிர, பாவை முன்னிலும் மங்கியது. காவலர் அருகே வந்து, வெளிச்சம் போட வேண்டாம் என்று பணிவாகச் சொன்னார்.

ஆசாரியார் பேரனின் கையைத் தாழ்த்தினார். “விளக்கு முன்னால் இருந்தால் தோல்தான் தெரியும், அப்பனே. பின்னால் இருந்தால்தான் சாமி தெரியும்” என்றார்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் பாடம் நடத்தியவன். இவ்வளவு சுருக்கமாக எதையும் யாருக்கும் சொன்னதில்லை. நம்மைப் பற்றியும் அதே உண்மைதானே? புறத்தே எத்தனை வெளிச்சம் போட்டுக்கொண்டாலும் தோலும் நிறமுமே தெரிகின்றன. அகத்தே நின்று ஒளிர்பவனை உணரும்போதுதான் இந்த உடலுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

தலையில் சுமந்த கூத்து

அருகே இருந்த இருக்கையில் அமர்ந்தோம். தோற்பாவையைக் கண்டதும் ஆசாரியாருக்கு மரப்பாவையின் நினைவு வந்துவிட்டது. சேலம், கும்பகோணம் பகுதிகளில் பெயர்பெற்று விளங்கிய பொம்மலாட்டம் மரப்பாவைகளைக் கொண்டு ஆடுவது. அவருடைய தந்தையார் ஒரு பொம்மலாட்டக் குழுவுக்குத் தலையும் கைகளும் செதுக்கிக் கொடுத்தவராம். இத்தனை ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தும் அது எனக்குத் தெரியாது.

“வாகை உறுதியான மரம், வாத்தியாரய்யா. வாகனத்துக்கு அதுதான் நிற்கும். பொம்மைக்கு அது ஆகாது. கல்யாண முருங்கைதான் வேண்டும். இலேசாக இருக்கும். அப்படி இருந்துமே பாரம் தாங்காது” என்றார்.

அவர் சொன்னதில் மிகையில்லை. இந்தியாவின் கயிற்றுப் பாவைகளுள் மிகப் பெரியவையும் மிகக் கனமானவையும் நம் தமிழகப் பொம்மலாட்டப் பாவைகளே. ஒரு பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் இருக்கக்கூடும். இந்தப் பாரத்தை விரல்களால் மட்டும் தாங்க இயலாது. ஆகவே ஆட்டுபவர் தம் தலையில் ஓர் இரும்பு வளையத்தை மகுடம்போல் அணிந்துகொள்வார். பாவையின் கயிறுகள் அந்த வளையத்தில் கட்டப்பட்டிருக்கும். பாவையின் கைகளை அசைக்கக் கம்பிகளைக் கையில் பிடித்திருப்பார். அவர் தலையை அசைத்தால் பாவை அசையும். அவர் ஆடினால் பாவை ஆடும். கம்பியையும் கயிற்றையும் இவ்வாறு ஒருசேரப் பயன்படுத்துவதே நம் பொம்மலாட்டத்தின் தனிச்சிறப்பு.

கூத்து விநாயகர் பூசையோடு தொடங்கும். கோமாளி வந்து அவையோரை வணங்கிச் சிரிக்கவைப்பான். பிறகே கதை. அரிச்சந்திரன் கதை, சீதா கல்யாணம், வள்ளி திருமணம் ஆகியவை மக்கள் விரும்பிக் கேட்பவை.

“பொம்மையின் காலில் சலங்கை ஒலிப்பதாக நாமெல்லாம் நினைப்போம். உண்மையில் சலங்கை கட்டியிருப்பது திரைக்குப் பின்னால் நிற்கிறவர். அவர் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பொம்மைக்குத்தான் கைதட்டு” என்று ஆசாரியார் சொன்னபோது, காலையில் கண்ட தேரோட்டியின் நினைவு எனக்கு வந்தது. போரில் வென்றதாகப் பெயர் பெற்றவன் அர்ச்சுனன். கடிவாளம் பிடித்தவனுக்குக் கிடைத்தவை தழும்புகள்.

அந்தத் தேரோட்டியே பகவத் கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் இதைச் சொல்லியிருக்கிறான். எல்லா உயிர்களின் இதயத்திலும் இறைவன் இருந்துகொண்டு, பொறியின்மேல் ஏற்றிவைத்தாற்போல் அவற்றைத் தன் மாயையால் சுழற்றுகிறான் என்பது அதன் கருத்து. வடமொழி நாடகத்தை நடத்துபவனுக்குச் சூத்திரதாரி என்று பெயர். கயிற்றைப் பிடித்திருப்பவன் என்பதே அதன் நேர்ப்பொருள். நம் திருவள்ளுவரும் நாணுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறளில், உள்ளத்தில் நாணம் இல்லாதவர்கள் நடமாடுவதைக் கயிற்றினால் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு ஒப்பிடுகிறார். ஆக, வள்ளுவர் காலத்திலேயே கயிறு கட்டிய மரப்பாவை தமிழருக்கு நன்கு பழக்கமாகியிருந்தது.

பாவை என்ற சொல்லுக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. சங்கப் புலவர்கள் கொல்லிமலையில் தெய்வத்தன்மை வாய்ந்த ஒரு பாவை நிற்பதாகப் பாடினார்கள். அதுவே கொல்லிப்பாவை. மலைமேல் எட்டுக்கை அம்மனாக மக்கள் இன்றும் வழிபடுவது அவளையே. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பாவை. போர்க்கோலம் பூண்ட அவுணர் மயங்கி விழும்படி, கொல்லிப்பாவை வடிவில் திருமகள் ஆடிய ஆடல் அது. எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரியும் மலை அது. மகாலட்சுமியே பாவையாக ஆடினாள் என்று அம்மலையோடு சேர்த்துச் சொல்லப்பட்டதை, எழும்பூரில் ஒரு கண்ணாடிப் பேழைக்கு முன் அமர்ந்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

ஆற்றில் விட்ட பொம்மை

சற்று நேரம் பேசாதிருந்த ஆசாரியார், மெல்ல ஒன்றைச் சொன்னார். அவருக்குப் பதினான்கு வயதிருக்கும்போது அந்தக் குழு கலைந்துவிட்டது. குழுத் தலைவர் ஒரு சீதைப் பாவையைக் கொண்டுவந்து அவருடைய தந்தையாரிடம் ஒப்படைத்தார். நிறம் உரிந்து, மூக்கு தேய்ந்து, ஒரு கை கழன்றிருந்தது. பழுது பார்த்து என்ன பயன், ஆட ஆளில்லையே என்றாராம். தந்தையார் அதை மூன்று நாள் திண்ணையில் வைத்திருந்தார். நான்காம் நாள் மஞ்சளும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டி, சுவேத நதியில் விட்டுவிட்டார்.

ஆடி ஓய்ந்த பாவையை ஆற்றில் விடுவது கூத்தர்களிடையே உள்ள வழக்கமே. பின்னமடைந்த திருமேனியைப் பூசையில் வைக்காமல் நீரில் சேர்ப்பதுபோல, சிதைந்த பாவையையும் குப்பையில் எறியாமல் நீரில் சேர்ப்பார்கள். ஒரு காலத்தில் இராமனாகவும் சீதையாகவும் நின்ற வடிவம் அல்லவா?

“அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிற்று. பொம்மை மூழ்கவில்லை. கல்யாண முருங்கை மிதக்கும் அல்லவா? முகம் மேலே பார்த்தபடி போய்க்கொண்டே இருந்தது. நான் கரையிலேயே ஓடினேன். இன்றைக்கு இதையெல்லாம் பார்க்கும்போது, அப்பா அதை இங்கே கொடுத்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அந்தச் சீதையின் முகத்தை என் பேரன் பார்த்திருப்பானே. நாங்கள் செய்தது பிழையா, வாத்தியாரய்யா?”

என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. கண்ணாடிக்குள் இருப்பது அழியாது. ஆனால் அதற்கு விளக்கில்லை, பாட்டில்லை, கற்பூரமில்லை. ஆற்றில் விட்டதற்கு எல்லா மரியாதையும் கிடைத்தது. ஆனால் அதன் முகத்தை இனி எவரும் காண இயலாது. எது சரி?

அவரே விடையும் சொன்னார். “விட்டது பிழையில்லை. விட்டபிறகு இன்னொன்று செய்யாமல் இருந்தோமே, அதுதான் பிழை.”

பார்க்க ஆளில்லாத கூத்து

அவருக்கு நான் ஒரு செய்தி சொன்னேன். வாசகர்களும் அதைக் கேட்க வேண்டும்.

கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் பத்ரகாளி கோயில்களில் தோற்பாவைக் கூத்து இன்றும் வழிபாடாகவே நிகழ்கிறது. இதற்கென்று கோயிலுக்கு வெளியே கூத்துமாடம் என்னும் நிலையான மேடை இருக்கும். நாற்பத்திரண்டு அடி நீளத் திரை. அதன் பின்னே இருபத்தொரு விளக்குகள் வரிசையாக எரியும். ஏழு இரவு, பதினான்கு இரவு, இருபத்தொரு இரவு என்று கோயிலுக்குக் கோயில் கணக்கு வேறுபடும். அங்கே பாடப்படுவது எந்த நூல் என்று நினைக்கிறீர்கள்? நம் கம்பராமாயணம். மலையாள நாட்டு அம்மன் சந்நிதியில் இரவு முழுவதும் கம்பனின் தமிழ் ஒலிக்கிறது. கலைஞர்களைப் புலவர் என்றே அழைக்கிறார்கள். அந்த மரபில் வந்த கே. கே. ராமச்சந்திரப் புலவருக்கு 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இவ்வழிபாட்டுக்கு அழகிய காரணம் ஒன்று சொல்வார்கள். இராம இராவணப் போர் நிகழ்ந்த காலத்தில் பத்ரகாளி தாருகாசுரனோடு போரிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் இராமனின் வெற்றியைக் காணும் பேறு அவளுக்கு வாய்க்கவில்லை. அக்குறை தீர, ஆண்டுதோறும் அவள் சந்நிதிக்கு எதிரே அக்கதையைப் பாவைகளால் நிகழ்த்திக் காட்டும்படி சிவபெருமான் அருளினாராம். ஆகவே கூத்துமாடம் அம்மன் சந்நிதியை நோக்கியே இருக்கும். நள்ளிரவில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் கூத்து நிற்பதில்லை. பார்க்க வேண்டியவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்தர்கள் நேர்ந்துகொண்டு, தங்கள் பெயரால் ஓர் இரவுக் கூத்துக்குக் காணிக்கை செலுத்துவதும் உண்டு.

கடல் கடந்தும் இப்படி ஒரு மரபு வாழ்கிறது. இந்தோனேசியாவின் சாவகத் தீவில் ‘வாயாங்’ என்னும் பாவைக்கூத்தில் இராமாயணமும் மகாபாரதமும் இன்றும் ஆடப்படுகின்றன. அதை ஆட்டுபவர் மாலை முதல் விடியல் வரை ஒரே இடத்தில் அமர்ந்து கதையை நடத்துவார். யுனெஸ்கோ அமைப்பு 2003ஆம் ஆண்டே அதை மனிதகுலத்தின் அரிய செல்வமாக அறிவித்தது. பெரும்பாலோர் இசுலாமியராக உள்ள நாட்டில் இராமனும் அர்ச்சுனனும் திரையில் உயிரோடு உலவுகிறார்கள்.

இவற்றையெல்லாம் கேட்ட ஆசாரியார், “அங்கே கூத்து நிற்காததற்குக் காரணம் தெரிகிறதா? ஜனங்களுக்காக ஆடவில்லை. ஜனங்கள் இன்றைக்கு வருவார்கள், நாளைக்கு வேறு வேடிக்கைக்குப் போவார்கள். சாமி அப்படிப் போகாது” என்றார்.

ஆடுபவனும் ஆட்டுவிப்பவனும்

புறப்படும் முன் செப்புத் திருமேனிகள் இருக்கும் கூடத்துக்குச் சென்றோம். உலகப் புகழ் பெற்ற திருவாலங்காட்டு நடராசர் அங்கே எழுந்தருளியிருக்கிறார். எங்களுடன் வந்த அம்மையார் ஒருவர் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வாசலிலேயே கைகூப்பி நின்றார். காட்சிசாலை என்பதை ஒரு கணம் எல்லோரும் மறந்தோம்.

திருநாவுக்கரசு சுவாமிகள், இறைவன் ஆட்டுவிக்கும்போது ஆடாதிருப்பவர் எவரும் இல்லை என்று தாண்டகத்தில் பாடியிருக்கிறார். சற்று முன் பாவைகளைக் கண்டுவந்த எங்களுக்கு அப்பாடலின் பொருள் புதிதாய் விளங்கிற்று. அங்கே பேழைக்குள் ஆட்டுவிப்பவர் இல்லாத பாவைகள். இங்கே எல்லாவற்றையும் ஆட்டுவிப்பவன், தானே ஆடிக்கொண்டு நிற்கிறான். பொம்மலாட்டக் கலைஞரும் அப்படித்தானே? பாவையை ஆட்டவேண்டுமென்றால் அவர் நின்ற இடத்தில் நிற்க முடியாது. தாமும் காலில் சலங்கை கட்டி ஆடவேண்டும். நம் துன்பத்திலும் இன்பத்திலும் இறைவன் எட்ட நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. நம்மோடு சேர்ந்து ஆடுகிறான் என்ற நினைவு முதுமையில் எவ்வளவு பெரிய ஆறுதல்!

மாலையில் மயிலையில் கபாலீசுவரரையும் கற்பகாம்பாளையும் தரிசித்து, இரவு ஏழு மணிக்குப் புறப்பட்டோம். வேனில் பெரும்பாலோர் உறங்கிவிட்டனர். ஆசாரியாரும் பேரனும் மட்டும் பேசிக்கொண்டே வந்தனர். தலைக்குள் கயிறு எங்கே கட்டுவது, கழுத்து எப்படித் திரும்பும், கண் எப்போது எழுதுவது என்று பேரன் கேட்டான். “கண் கடைசியில்தான். கண் எழுதும் வரைக்கும் அது கட்டை. எழுதிய பிறகு அதன் முன்னால் கால் நீட்டி உட்காரக் கூடாது” என்றது ஆசாரியாரின் குரல். அதற்குமேல் நானும் உறங்கிவிட்டேன்.

ஓர் இரவு வேண்டும்

ஊர் திரும்பிய மறுவாரம் பஜனை மடத்தில் கூடினோம். அடுத்த ஸ்ரீராம நவமி உற்சவத்தில் ஒரு நாள் பொம்மலாட்டம் வைக்க வேண்டும் என்று நான் கேட்டேன். இன்னிசைக் கச்சேரி வைத்தால்தான் கூட்டம் வரும் என்றார் ஒருவர். செலவு அதிகமாகுமே என்றார் இன்னொருவர். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். ஆசாரியார் எழுந்து, “கூட்டம் வராவிட்டால் போகட்டும். திரையை இராமர் படத்தைப் பார்த்துக் கட்டுவோம். அவர் பார்ப்பார்” என்றார். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, ஓர் இரவு ஒதுக்குவதென்று முடிவாயிற்று. சீதா கல்யாணம் ஆட வேண்டும் என்பது ஆசாரியாரின் ஒரே விண்ணப்பம். அதன் காரணம் எனக்கு மட்டும் தெரியும்.

வாசக அன்பர்களே, கோயில் திருவிழாவில் வாணவேடிக்கைக்கும் ஒலிபெருக்கிக்கும் நாம் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு போதும். உங்கள் ஊர்த் திருவிழாக் குழுவில் நீங்கள் ஒரு சொல் சொன்னால் கேட்பார்கள். மூத்தவர் சொல்லுக்கு அந்த மதிப்பு இன்னும் இருக்கிறது. பேரன் பேத்தியின் பிறந்தநாளிலோ சஷ்டியப்தபூர்த்தி, சதாபிஷேக நாளிலோ ஓர் இரவுக் கூத்தை உபயமாக ஏற்றுக்கொள்ளலாம். அன்னதானம் பசியை ஆற்றுவதுபோல, இராமகாதையைக் காட்டுவிப்பதும் ஒரு தானமே. அந்த ஓர் இரவால் ஒரு கலைக்குடும்பத்தின் அடுப்பும் எரியும். உங்கள் பேரக்குழந்தையின் மனத்தில் ஒரு விளக்கும் எரியும்.

சென்னைக்குச் செல்லும் அன்பர்கள், நடை சாத்தியிருக்கும் நண்பகலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை செல்லுங்கள். எழும்பூர் இரயில் நிலையத்திலிருந்து தொலைவில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறை. வளாகம் பெரியது, முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயல வேண்டாம். செப்புத் திருமேனிகளையும் தோற்பாவைகளையும் மட்டும் பார்த்தால் போதும். பேரக்குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுங்கள். பாவையின் துளைகளைக் காட்டி, இதன் பின்னால் விளக்கு ஏற்றினால் என்ன நடக்கும் என்று அவர்களிடம் கேளுங்கள்.

இப்போதெல்லாம் பிற்பகலில் பக்கத்து வீட்டிலிருந்து கொட்டாப்புளியின் ஓசை கேட்கிறது. வாகையில் விழும் அடியின் ஓசை எனக்குப் பழக்கமானது. இது அதைவிட மெல்லியது. எட்டிப் பார்த்தேன். ஆசாரியாரின் மடியில் கல்யாண முருங்கைக் கட்டை ஒன்று. நெற்றியும் மூக்கும் ஏறக்குறைய வந்துவிட்டன. விடுமுறையில் வந்திருந்த பேரன் எதிரே அமர்ந்து கட்டையை அசையாமல் பிடித்திருந்தான்.

“யாருடைய முகம், ஆசாரியாரே?” என்று கேட்டேன்.

“கண் எழுதட்டும், வாத்தியாரய்யா. அவளே சொல்வாள்” என்றார்.